வேப்பிலை கட்டிய துறைமுகம்

மேற்கு ரோமப் பேரரசு கி.பி. 476-இல் விழுந்தது என்பதை நான் என் பத்தாவது வயதில், பாயில் படுத்துக்கொண்டு, உடம்பெல்லாம் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியிருந்த நிலையில் தெரிந்துகொண்டேன். 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் சார்லமேனுக்கு ரோமில் போப் முடி சூட்டியதும், 1066-இல் நார்மண்டிக்காரர்கள் கடல் கடந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்ததும், 1215-இல் ஜான் மன்னர் பிரபுக்களுக்குப் பணிந்து சாசனத்தில் முத்திரை வைத்ததும் அதே பாயில் கேட்டவைதான். பிற்பாடு எத்தனையோ புத்தகங்களில் இந்தத் தேதிகளைச் சரிபார்த்திருக்கிறேன். ஒன்றுகூடத் தப்பில்லை. தப்பாக இருந்தது வேறொரு தேதி. அதை நான் சரிபார்க்க நினைத்ததே இல்லை.

அது 1993, ஜூலை மாதம். ராஜபாளையத்தில், நூற்பாலைச் சங்கு ஊதினால் கடிகாரம் பார்க்கத் தேவையில்லாத ஒரு தெருவில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா அந்த ஆலையில் ஃபிட்டர். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என நான்கு பேர். அத்தைக்கு இருபத்திரண்டு வயது. தாயும் தகப்பனும் இல்லாததால் அவளுக்கு எல்லாம் அண்ணன்தான். தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து பழுப்பு உறையில் பாடங்கள் வரும். எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டாள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று ‘மத்தியகால ஐரோப்பிய வரலாறு, 476 முதல் 1453 வரை’.

அந்தத் தாளில் இரண்டு முறை தவறியிருந்தாள். முதல் முறை நேரம் போதவில்லை. இரண்டாம் முறை, பதினான்காம் நூற்றாண்டின் கொள்ளைநோய் பற்றிய கட்டுரைக் கேள்விக்குத் தனக்கு நன்றாகத் தெரிந்த சிலுவைப் போர்களை எழுதிவைத்துவிட்டு வந்தாள். எதையாவது எழுதினால் பாதி மதிப்பெண்ணாவது போடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போடவில்லை. இதற்கிடையில் பாடத்திட்டம் மாறப்போவதாக அறிவிப்பு வந்தது. பழைய பாடத்திட்டத்தில் கடைசித் தேர்வு ஜூலை 17, சனிக்கிழமை. தேர்வு மையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரி. அன்றைக்கு எழுதித் தேறினால் பட்டம். அதை வைத்துக்கொண்டு பி.எட். சேரலாம், வாத்தியார் வேலைக்குப் போகலாம். விட்டால் முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அத்தைக்கு மனசுக்குள் படிக்க வராது. காதால் கேட்டால்தான் ஏறும். அதனால் உரக்கப் படிப்பாள். வீட்டில் அப்போது பேண்டேஜ் துணி சுருட்டும் வேலையும் நடந்தது. ஏஜெண்டு சைக்கிளில் கொண்டுவந்து துணிக்கட்டைப் போட்டுவிட்டுப் போவார். அம்மாவும் அத்தையும் அதைச் சுருள் சுருளாக உருட்டிக் கட்டி அடுக்குவார்கள். கை துணியை உருட்ட, வாய் பேரரசர்களை உருட்டும். அம்மா எதிரில் உட்கார்ந்து முகத்தைச் சுளிப்பாள்.

“ஏட்டி, அந்த ஓட்டோ பேரனைச் செத்த நேரம் தூங்க விடேன். காலையில இருந்து அவனை எழுப்பிக்கிட்டே இருக்கே.”

“அவன் பேரு ஓட்டோ, மதினி. பேரன் இல்ல, பேரரசன், முதலாம் ஓட்டோ.”

“எத்தனாமவனா இருந்தா எனக்கென்ன? சுருள் தளர்ந்து கெடக்கு பாரு, பிரிச்சுச் சுத்து.”

இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது என்பதே என் முடிவு. குடத்துத் தண்ணீர், மண்ணெண்ணெய், முகம் பார்க்கும் கண்ணாடி என்று தினமும் ஏதாவது ஒன்று இருக்கும். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு பெரியம்மா இருந்தார். தெருவில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் அவரைக் கேட்டுத்தான் அடுத்த காரியம். அம்மா அவரிடம் சொன்னதை ஒரு நாள் நான் என் காதால் கேட்டேன். “இவ ஒரு எடத்துல போய் இருந்துட்டா, இந்த ஐரோப்பாகிட்ட இருந்து எனக்கு விடுதலை.”

விடுதலை வாசல் வரைக்கும் வந்தது. ஜூன் கடைசியில் அப்பா வேலை முடிந்து வந்து, கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிக்கொண்டே சொன்னார். தளவாய்புரத்தில் நைட்டி தைத்து அனுப்பும் ஒரு குடும்பம், இருபது மிஷின் ஓடுகிறது, ஒரே பையன். ஞாயிற்றுக்கிழமை, அதாவது ஜூலை 4, பெண் பார்க்க வருகிறார்கள். பிடித்துவிட்டால் அன்றைக்கே பூ வைத்துவிடுவார்கள். ஆனி முடிவதற்குள் கல்யாணம்.

அத்தை உருட்டிக்கொண்டிருந்த சுருளைக் கீழே வைத்தாள். “பரீட்சை முடியட்டும் அண்ணே.”

“அதுக்குள்ள ஆடி பொறந்துரும் தாயி. ஆவணி வரைக்கும் அவிய காத்துக் கெடப்பாகளா?”

“கல்யாணம் ஆனாலும் பரீட்சைக்கு விடுவாகளான்னு கேட்டீகளா?”

அப்பா துண்டால் கையைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். “கேட்டேன். படிச்சது போதும்னு அந்தம்மா சொல்லுது. கணக்குப் பார்க்கத் தெரிஞ்சாப் போதுமாம்.”

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் அப்பாவின் பேச்சை மாற்றக்கூடியவர் யாராவது உண்டென்றால் அது அம்மாதான். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. “எனக்கு என்ன தெரியும்? அண்ணனும் தங்கச்சியும் பேசி முடிவு பண்ணிக்கிடுங்க.” மறுநாள் பெட்டியைத் திறந்து தன்னுடைய மாம்பழக் கலர் பட்டை எடுத்து, அத்தை கட்டிக்கொள்வதற்காக வெயிலில் போட்டாள். நான் நினைத்தது சரிதான் என்று ஆயிற்று.

ஜூலை 2, வெள்ளிக்கிழமை சாயங்காலம். அத்தை அழுது முடித்திருந்தாள். ஆனாலும் பாடத்தைக் கையில் எடுத்தாள். வேறென்ன செய்வதென்று தெரியாமல் எடுத்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. போன தடவை தன்னைக் கைவிட்ட கொள்ளைநோய்ப் பாடத்தைத்தான் எடுத்தாள்.

1347 அக்டோபரில் சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்தில் சில கப்பல்கள் வந்து நின்றன. மாலுமிகளில் பலர் செத்துக் கிடந்தார்கள், மற்றவர்கள் சாகக் கிடந்தார்கள். அங்கிருந்து நான்கைந்து வருஷங்களுக்குள் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு சனம் போயிற்று. கூலியாள் கிடைக்காமல் கூலி உயர்ந்தது. பண்ணையடிமை முறை ஆட்டம் கண்டது. பிறகு 1377-இல் அட்ரியாட்டிக் கரையிலிருந்த ரகூசா நகரம் ஒரு சட்டம் போட்டது. நோய் கண்ட இடத்திலிருந்து வருகிற எவரும் நேரே ஊருக்குள் நுழையக்கூடாது. ஒரு மாதம் வெளியே தீவில் இருந்துவிட்டுத்தான் வர வேண்டும்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவள் பாடத்துக்குள் தலையை நீட்டியது அதுதான் முதல் தடவை.

“பெரிய ஆளுக வந்தாக்கூடவா விட மாட்டாக?”

“பெரிய ஆளுகதான் மதினி மொதல்ல பயந்தது. நோய்னு கேட்டதும் ஊரைவிட்டே ஓடிட்டாக.”

“வராதேன்னு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டாகளாக்கும்?”

“உசுருக்குப் பயந்தவன் எங்க கோவிப்பான்? வராதேன்னு சொன்னதுக்கு நன்றில்ல சொல்லுவான்.”

தாளிக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் என்னைக் குளிக்க வைக்க அம்மா சட்டையைக் கழற்றினாள். கழற்றியவள் அப்படியே நின்றாள். முதுகைத் திருப்பிப் பார்த்தாள், நெற்றியில் கை வைத்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஏங்க, இங்க வாங்க. பயலுக்கு அம்மை போட்டிருக்கு.”

அப்பா ஓடி வந்தார். என் வயிற்றிலும் முதுகிலும் சிவப்பாகப் பொரிப்பொரியாக இருந்தது. அரிக்கவும் செய்தது. ஜூலை மாதத்தில் எங்கள் ஊரில் எந்தப் பையனின் முதுகில்தான் அரிக்காது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. “ஒடம்பு கொதிக்குது” என்று அம்மா சொன்னதும் எனக்கே கொதிப்பது போலிருந்தது. அரை மணி நேரத்துக்குள் நான் வெள்ளைத் துணி விரித்த பாயில் வேப்பிலைக் கொத்துகளுக்கு நடுவில் கிடந்தேன். கழுத்திலிருந்து கால் வரை அம்மா பச்சை நிறத்தில் அரைத்துப் பூசிவிட்டாள். வாசல் நிலையில் வேப்பிலை தொங்கியது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தார். அவர் தலைக்குக் குளித்திருந்ததால் கிட்டே வரக்கூடாது என்று சொல்லி அம்மா அவரை வாசற்படியிலேயே நிறுத்தினாள். அங்கிருந்தபடியே பார்த்தார். அவர்கள் தெலுங்கில் அந்த நோய்க்கும் அம்மனுக்கும் ஒரே பேர்.

“அம்மவாருதான். முத்து நல்லாத் தெரியுது,” என்று கும்பிட்டார். வாசற்படியிலிருந்து தெரிந்தது பச்சைப் பூச்சு மட்டும்தான்.

அம்மை கண்ட வீட்டுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. தாளிக்கக்கூடாது, பொரிக்கக்கூடாது. வெளியாட்கள் வரக்கூடாது, நல்ல காரியம் எதுவும் பேசவே கூடாது. வீட்டிலிருப்பவர்கள் வெளியூர் போகக்கூடாது. அம்மை இறங்கிய பிறகு தலைக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றினால் அம்மன் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். அதன் பிறகே வீடு திறக்கும்.

சேதி சொல்ல வேறு ஆளில்லாததால் அப்பா மட்டும் அன்றைக்கே தளவாய்புரம் போனார். அந்த வீட்டுக்குள் ஏறாமல் தெருவிலேயே நின்று விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. முதலிலேயே சொன்னதற்கு நன்றி சொன்னார்களாம். பையனின் அம்மா உள்ளிருந்தே, “ஆத்தா மனசு குளிரட்டும், பொறவு பார்ப்போம்” என்று சொல்லி அனுப்பினாராம். திரும்பி வந்த அப்பா செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு, உள்ளே வரலாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றார். “செத்த நேரம் நில்லுங்க. வெயில்ல வந்திருக்கீக, உஷ்ணம் எறங்கட்டும்,” என்றாள் அம்மா. 1077 ஜனவரியில் கனோசாக் கோட்டை வாசலில், போப்பின் மன்னிப்புக்காக மூன்று நாள் பனியில் வெறுங்காலோடு நின்ற நான்காம் ஹென்றியைப் பற்றி அடுத்த வாரம் அத்தை படித்தபோது, எனக்கு அப்பாவின் முகம்தான் வந்தது. அப்பா நின்றது வெயிலில், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெண் பார்ப்பது நின்றதில் அத்தைக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா சொன்னார்: “பதினேழாந் தேதிக்குள்ள மூணாந் தண்ணி ஊத்தலைன்னா நீயும் எங்கயும் போக முடியாது, பார்த்துக்க. அம்மை வீட்டுல இருந்து போய் நூறு பிள்ளைக நடுவுல உட்கார்றது பாவம்.” அவர் சொன்னதில் தப்பில்லை. அத்தை சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். கப்பலை நிறுத்தின துறைமுகத்தில் ஊர்க்காரர்களும்தானே அடைபட்டுக் கிடந்திருப்பார்கள். மறுநாள் முழுக்க அவள் புத்தகத்தைத் தொடவில்லை.

அதற்கு மறுநாள் அம்மா பழுப்பு உறைகளை எடுத்து வந்து என் பாயின் பக்கத்தில் போட்டாள். “அம்மை கண்ட பிள்ளையைத் தனியா விடக்கூடாது. யாராச்சும் பக்கத்துல இருந்து பேசிக்கிட்டே இருக்கணும். நீ இரு. அடுப்படிப் பக்கம் வராத. தண்ணிக்கும் போக வேண்டாம்.”

“பேண்டேஜு?”

“ஆஸ்பத்திரிக்குப் போற துணியை அம்மை வீட்டுல சுத்தலாமாட்டி? ஏஜெண்டுகிட்ட அப்பவே சொல்லியாச்சு, அடுத்த மாசம் பார்க்கலாம்னு.”

“நான் எதுக்கு மதினி இனிப் படிக்கணும்?”

“ஒனக்காகவா சொல்லுதேன்? பயலுக்குப் பொழுது போகணும். சத்தமாப் படி.”

இப்படியாக அத்தை எனக்காகப் படித்தாள். காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை. 476-இலிருந்து வரிசையாகப் போனோம். அரிக்கும்போதெல்லாம் ஒரு வேப்பிலைக் கொத்தால் தடவிவிட்டுக்கொண்டே 1054-இல் கிழக்குத் திருச்சபையும் மேற்குத் திருச்சபையும் பிரிந்ததைச் சொல்வாள். அந்தச் சண்டையில் புளித்த மாவு அப்பமா, புளிக்காத அப்பமா என்பதும் ஒரு தகராறு என்றதும், “அடுப்படிச் சண்டை எல்லா ஊர்லயும் இருக்கும் போல” என்று உள்ளேயிருந்து அம்மா சொன்னாள். நான் இளநீர் குடித்தேன், தயிர்ச் சோறு சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போகவில்லை. நான் ஒரு தேதியைச் சரியாகத் திருப்பிச் சொன்னால் அத்தைக்கு முகம் மலரும். அந்த முகத்துக்காகவே எல்லாத் தேதிகளையும் மனப்பாடம் செய்தேன். பிறகு அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

அப்பா நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே அம்மை இறங்கியது. முதல் தண்ணீரும் இரண்டாம் தண்ணீரும் ஊற்றியாயிற்று. வெயிலில் வைத்து எடுத்த தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு ஊற்றினார்கள். பெரியம்மா என் முதுகைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். “ஒத்தத் தழும்புகூட இல்லையே! இவன் மேல அவளுக்குத் தனிப் பிரியம்.” இதை நான் பள்ளிக்கூடத்தில் வெகுகாலம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

ஆனால் மூன்றாம் தண்ணீரைப் பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டார். ஞாயிறு என்றால் பதினெட்டாம் தேதி. பரீட்சைக்கு மறுநாள். வெள்ளிக்கிழமை வைத்தால் என்ன என்று அத்தை கேட்டதற்கு அவர் காதைப் பொத்திக்கொண்டார். “வெள்ளிக்கிழமை பெத்த மகளையே வாசல் தாண்டி அனுப்ப மாட்டோம். அம்மனை அனுப்புவாகளா?” அப்பாவும் ஆமாம் என்றார். சனிக்கிழமை அனுப்புகிற வழக்கமே எங்கள் பக்கம் இல்லை.

அது வியாழக்கிழமை. அன்றைக்கு நாங்கள் நூறாண்டுப் போரின் கடைசியில் இருந்தோம். படிப்பதில் அர்த்தமில்லை என்று அத்தைக்குத் தெரிந்துவிட்டது. முகம் செத்துப் போயிருந்தது. ஆனாலும் எனக்குக் கதை பாதியில் நின்றதால் அதை மட்டும் முடித்தாள். ழான் என்ற பதினேழு வயது விவசாயப் பெண் 1429-இல், அப்போது முடிகூடச் சூடாமல் இருந்த பிரெஞ்சு இளவரசனிடம் போய், தேவதூதரும் புனிதர்களும் தன்னிடம் பேசியதாகச் சொன்னாள். அவன் அவளிடம் படையைக் கொடுத்தான்.

அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த அம்மா நிறுத்தினாள். “ஒரு ராசா மகன் இதை எப்பிடி நம்புனான்?”

“பாதிரிமார் எல்லாம் உட்கார்ந்து விசாரிச்சாக மதினி. சாமி எங்கிட்டச் சொல்லுச்சுன்னு அவ சொல்லுதா. சொல்லலைன்னு எவன் சொல்ல முடியும்? அவன் காதுலயா வந்து சொல்லுச்சு?”

“பொறவு?”

“ஜெயிச்சா. அவனுக்கு முடி சூட்டி வச்சா. 1431-ல இங்கிலீஸ்காரன் கையில மாட்டி, எரிச்சுட்டாக.”

“படை குடுத்தவன் என்ன செஞ்சான்?”

“ராஜாவாச்சே. சும்மா இருந்தாரு.”

“அது சரி,” என்றாள் அம்மா. அம்மிச் சத்தம் மறுபடி கேட்டது.

வெள்ளிக்கிழமை விடியும்போது அம்மா தலைவிரி கோலமாகப் பாயில் உட்கார்ந்திருந்தாள். அப்பா எழுந்து பயந்துவிட்டார். பெரியம்மாவையும் கூப்பிடச் சொன்னாள். எல்லோரும் வந்த பிறகு சொன்னாள், வெகு சாதாரணமாக, பால்காரர் வந்துவிட்டுப் போனதைச் சொல்வது போல. “ஆத்தா கனவுல மஞ்சச் சீலை கட்டிக்கிட்டு வந்தா. எனக்கு இன்னைக்கே தண்ணி ஊத்து, நான் போறேன்னா. ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மன் கோயிலுக்கு நாளைக்குப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வான்னா. இந்த வீட்டுப் பொண்ணும் கூட வரணும்னா.”

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

“வெள்ளிக்கிழமை ஆச்சே...” என்று பெரியம்மா இழுத்தார்.

“நானா போகச் சொல்லுதேன்? அவளே போறேங்கா. நீங்க வேணா இருக்கச் சொல்லிப் பாருங்க.”

பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா தண்ணீர் எடுக்கப் போனார். எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். அத்தை அழுதுகொண்டே ஊற்றினாள்.

சனிக்கிழமை காலையில் அம்மாவும் அத்தையும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினோம். ஜன்னல் வழியே கோபுரம் தெரிய ஆரம்பித்ததும் அத்தை உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கல்லூரி வாசலில் அம்மா அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, “தெரியாத கேள்விக்குத் தெரிஞ்ச பதிலை எழுதிட்டு வந்தே, பஸ்ஸுல ஏத்த மாட்டேன்,” என்றாள்.

நாங்கள் மாரியம்மனைக் கும்பிட்டு, மாவிளக்குப் போட்டுவிட்டு வந்து, கல்லூரிக்கு எதிரில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட் பக்கம் நடந்துவிட்டு வந்தாள். பிறகு என்னைச் சொல்லச் சொன்னாள். நான் 476-இல் ஆரம்பித்தேன். 1204-க்கு வந்தபோது, நான்காம் சிலுவைப் போரில் ஜெருசலேமைப் பிடித்தார்கள் என்று சொல்லிவிட்டேன்.

“இல்லலே. அங்க எங்க போனாக? போற வழியில கான்ஸ்டான்டிநோபிளக் கொள்ளையடிச்சாக. அதே சாமியக் கும்பிடுறவன் ஊரை.”

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அடுப்படியில் இருந்தவளுக்கு இது எப்படித் தெரியும்? ஆனால் பத்து வயதில் அந்தக் கேள்வி அவ்வளவு தூரம்தான் போகும். அவள் பால்கோவா வாங்கிக் கொடுத்ததும் கேள்வி போய்விட்டது.

மதியம் அத்தை வெளியே வந்தாள். ஓடி வரவில்லை. நடந்து வந்து அம்மாவின் முன்னால் நின்று, “கொள்ளைநோய் கேட்டிருந்தான் மதினி,” என்றாள்.

“எழுதுனியா?”

“பதினோரு பக்கம்.”

“வா, பஸ்ஸு வருது,” என்றாள் அம்மா.

தேறிவிட்டாள். தளவாய்புரத்துக்காரர்கள் ஆவணியில் வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். அத்தை பி.எட். முடித்தாள். வேலைக்குப் போய், அதன்பிறகு தனக்குப் பிடித்த ஓர் ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது வ. புதுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. அன்றைக்கு அம்மன் தனக்காகவே இரண்டு வாரம் எங்கள் வீட்டில் வந்து தங்கி, தனக்காகவே வெள்ளிக்கிழமை கிளம்பினாள் என்பது அவளுடைய நம்பிக்கை. வருஷம் தவறாமல் ஆடியில் கூழ் ஊற்றுகிறாள்.

போன பங்குனியில் எனக்கு நாற்பத்திரண்டு நடக்கும்போது கடுமையான காய்ச்சல் வந்து, இரண்டாம் நாள் உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பியது. டாக்டர் பார்த்ததும் சின்னம்மை என்றார்.

“சின்ன வயசுல வந்திருக்கா?”

“வந்திருக்கு. 1993, ஜூலை 3.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “தேதியோட சொல்லுதீங்க. ஆனா ரெண்டாந் தடவை வர்றது ரொம்ப அபூர்வமாச்சே.”

வீட்டுக்கு வந்து பாயில் படுத்தேன். உண்மையான அம்மை எப்படி அரிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் தடவிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

“ஒனக்கு எங்கலே அப்ப வந்துச்சு? அது வேர்க்குரு.”

நான் எழுந்து உட்காரப் பார்த்தேன். படுக்கச் சொல்லித் தோளை அமுக்கினாள்.

“ஒங்க அப்பா கெட்டவர் இல்ல. தங்கச்சிக்கு நல்லது செய்யுததா நெனச்சாரு. வாயைத் திறந்து சொல்லியிருந்தா, அண்ணன் தங்கச்சிக்கு நடுவுல நான் புகுந்து கெடுத்தேன்னு ஆகியிருக்கும். அதான் ஆத்தாளைக் கூப்பிட்டேன்.” கொஞ்ச நேரம் தடவினாள். “எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சை அன்னைக்குத்தான் ஒங்க அப்பா வீட்டுல இருந்து என்னையப் பார்க்க வந்தாக. எங்க வீட்டுல யாருக்கும் அம்மை போடல.”

அவ்வளவுதான் சொன்னாள். அத்தையிடம் சொல்லக்கூடாது என்று மட்டும் பிறகு சொன்னாள். “கூழை நிப்பாட்டிருவா. நாலு சனம் குடிக்குது.”

சேதி கேட்டு மறுநாள் அத்தை வந்துவிட்டாள். வாசலில் தொங்கிய வேப்பிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். “முப்பது வருசம் கழிச்சும் ஒன்னையத் தேடி வந்திருக்கா பாரேன்,” என்று என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் பதில் சொல்லவில்லை. தொண்டையிலும் கொப்புளம் இருந்ததால் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். அடுப்படியிலிருந்து அவள் குரல் கொடுத்தாள்.

“சும்மா ஒக்காந்திருக்காதட்டி. ஏதாச்சும் எடுத்துப் படி, பயலுக்குப் பொழுது போகணும். சத்தமாப் படி.”